பின்சக்கரத்தில் இரண்டு பிரேக்குகள்

பாடியிலிருந்து அம்பத்தூர் வழியாக ஆவடிக்குச் செல்லும் திருவள்ளூர் நெடுஞ்சாலையைப் பிரேக்குகளின் சாலை என்று அழைத்தாலும் தகும். 1962-இல் பாடியில் தொடங்கப்பெற்ற பிரேக்ஸ் இந்தியா நிறுவனம் திரவ அழுத்தத்தால் இயங்கும் கார் பிரேக்குகளைச் செய்து வருகிறது. அதே ஆண்டில் பாடியில் தோன்றிய சுந்தரம் கிளேட்டன், லாரிகளுக்கும் பேருந்துகளுக்கும் வேண்டிய காற்றுப் பிரேக்குகளைச் செய்து பெயர் பெற்றது; அதன் பிரேக் பிரிவு 1998-இல் ஜப்பானியரின் டெமிங் பரிசைப் பெற்றது. 1964-இல் தொடங்கிய ராணே பிரேக் லைனிங் நிறுவனம் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் உராய்வுப் பொருள்களைச் செய்து வந்தது. சாலையைத் தொடர்ந்து சென்றால் வருவது ஆவடி; 1961-இல் அமைந்த கனரக வாகனத் தொழிற்சாலையில் டாங்கிகளைக் கட்டும் ஊர்.

இந்த ஊரில் குடியிருக்கும் ஒருவர், தம் காரின் பின்சக்கரங்களிலுள்ள பிரேக் டிஸ்க்கையும் பேடுகளையும் வீட்டு வாசலிலேயே மாற்றிக்கொள்ள முடியுமா? முடியும். நல்ல கருவிகளும் காரின் கையேடும் ஒரு முழுப் பகலும் வேண்டும். ஆனால் முன்சக்கரப் பேடுகளைப் பலமுறை மாற்றிப் பழகியவர்கள்கூடப் பின்சக்கரத்தில் கை வைக்கும்போது விலையுயர்ந்த ஓர் உறுப்பை உடைத்து விடுவதுண்டு. வேலையை முடித்துவிட்டுக் காரை நகர்த்தும் முதல் நிமிடத்தில் சுவரில் மோதுவதும் உண்டு. இவை இரண்டும் ஏன் நேர்கின்றன என்பதை இயற்பியல் தெளிவாகச் சொல்லிவிடும். அதைத் தெரிந்துகொண்ட பிறகு ஸ்பேனரை எடுப்போம்.

ஓட்டம் வெப்பமாகிறது

1,200 கிலோகிராம் நிறையுள்ள கார் ஒன்று மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுவதாகக் கொள்வோம். அதன் இயக்க ஆற்றல் ஏறத்தாழ 1,67,000 ஜூல். கார் நிற்க வேண்டுமானால் இவ்வளவு ஆற்றலும் எங்கேனும் சென்றாக வேண்டும். பிரேக் அதை வெப்பமாக்கிவிடுகிறது. ஒரே ஒரு முறை நிற்பதில் பிறக்கும் அந்த வெப்பம், 30 டிகிரி செல்சியஸிலுள்ள அரை லிட்டருக்கும் சற்று மிகுந்த தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமானது! வேகம் இருமடங்கானால் வெப்பம் நான்கு மடங்காகும் என்பதையும் மறக்க வேண்டாம். (ஆவடியிலேயே உருவான அர்ஜுன் டாங்கியின் எடை ஏறத்தாழ 58 டன். அது இதே வேகத்தில் வந்து நின்றால் நம் காரைப் போல 48 மடங்கு வெப்பத்தைச் சமாளிக்க வேண்டும்.)

இந்த வெப்பத்தைத் தாங்கி உடனே காற்றில் விட்டுவிடுவதற்காகத்தான் டிஸ்க் திறந்த வெளியில் சுழல்கிறது. சுழலும் தட்டை இரு பக்கமும் இடுக்கிப் பிடிக்கும் இந்த ஏற்பாட்டுக்கு இங்கிலாந்தைச் சேர்ந்த ஃபிரெடரிக் லான்செஸ்டர் 1902-இலேயே காப்புரிமை பெற்றுவிட்டார். எனினும் 1953-இல் ஃபிரான்சின் லெ மான் பந்தயத்தில் டிஸ்க் பிரேக்குகளைக் கொண்ட ஜாகுவார் கார் வெற்றி பெற்ற பிறகே உலகம் அதன் அருமையை உணர்ந்தது. இன்று ஆவடி நிலையத்தைக் கடந்து செல்லும் விரைவு வண்டிகளில் எல்.எச்.பி. பெட்டிகளைக் கூர்ந்து பார்த்தால், சக்கர அச்சிலேயே டிஸ்க்குகள் பொருத்தப்பட்டிருப்பதைக் காணலாம்.

டிஸ்க்கைச் சாம்பல் நிற வார்ப்பிரும்பால் செய்கிறார்கள். அதனுள் படலம் படலமாக இருக்கும் கிராஃபைட் வெப்பத்தை நன்கு கடத்துகிறது, அதிர்வையும் விழுங்குகிறது. குறை ஒன்று உண்டு: துருப்பிடிக்கும். ஓர் இரவு மழையில் நின்ற காரின் டிஸ்க் காலையில் மஞ்சள் பூத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். நாலைந்து முறை பிரேக் போட்டதும் அது போய்விடும். அதற்கு அஞ்ச வேண்டியதில்லை.

ஆனால் பின்சக்கர டிஸ்க்கின் கதை வேறு. பிரேக் போட்டதும் காரின் எடை முன்னோக்கிச் சாய்கிறது; பேருந்து சட்டென்று நிற்கும்போது நீங்கள் முன்னால் சாய்வதைப் போலத்தான். நின்ற நிலையில் முன்சக்கரங்கள் 720 கிலோவும் பின்சக்கரங்கள் 480 கிலோவும் தாங்குகின்றன என்றால், கடுமையாகப் பிரேக் போடும்போது முன்பாரம் 900 கிலோவாக உயர்ந்து, பின்பாரம் 300 கிலோவாகக் குறைந்துவிடும். தரையை அழுத்தாத சக்கரம் தரையைப் பற்றவும் முடியாது. ஆகையால் பின்பிரேக்குக்குச் சிறிய பங்கே ஒதுக்கப்பட்டிருக்கிறது. வெப்பம் குறைவு, உராய்வும் குறைவு. துருவைத் தேய்த்துப் போக்கும் அழுத்தமும் குறைவு. எனவே பின் டிஸ்க்குகள் பல, தேய்வதற்கு முன்பே விளிம்பிலிருந்து துரு தின்று பாழாகின்றன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது மேற்குப் புறநகர்த் தெருக்களில் வெள்ளம் தேங்கியது. அத்தகைய நீரில் ஹேண்ட் பிரேக் போட்டபடி சில நாள்கள் நிற்கும் காரில், பேடும் டிஸ்க்கும் துருவினால் ஒட்டிக்கொண்டுவிடும்.

எப்போது மாற்றுவது? பேடில் உராய்வுப் பொருள் புதிதில் 10 மி.மீ. அளவில் இருக்கும். அது 3 மி.மீ.க்குக் குறைந்தால் காலம் நெருங்கிவிட்டது. சில பேடுகளில் ஒரு சிறு எஃகு நாக்கு இருக்கிறது. தேய்வு எல்லையைத் தொட்டதும் அது டிஸ்க்கில் உரசிக் கீச்சென்று கத்தும். டிஸ்க்குக்கும் எல்லை உண்டு. அது மிகக் குறைந்தது எவ்வளவு தடிமன் இருக்கலாம் என்பதை அதன் விளிம்பிலோ நடுப்பகுதியிலோ பொறித்திருப்பார்கள். 10 மி.மீ. டிஸ்க்குக்கு அது 8 மி.மீ. அளவில் இருக்கலாம். விளிம்பில் தேயாத வரப்பு ஒன்று நிற்குமாகையால், வெர்னியரை அப்படியே வைத்து அளந்தால் அளவு ஏமாற்றும். வரப்பைத் தாண்டி, தேய்ந்த இடத்தில் அளக்க வேண்டும்.

ரப்பர் வளையத்தின் சாமர்த்தியம்

நீங்கள் மிதிக்கும் விசை சக்கரத்தை அடைவது பள்ளியில் படித்த பாஸ்கல் விதியின்படிதான். காலால் 20 கிலோ எடையளவு அழுத்துகிறீர்கள். மிதியின் நெம்புகோல் அதை 80 கிலோவாக்குகிறது. மாஸ்டர் சிலிண்டரின் பரப்பு 3 சதுர செ.மீ.க்குச் சற்று மிகுதியென்றால், திரவத்தில் சதுர செ.மீ.க்கு 25 கிலோ அழுத்தம் பிறக்கும். பின்சக்கரப் பிஸ்டனின் பரப்பு 9 சதுர செ.மீ. எனக் கொண்டால், பேடின் மீது விழும் விசை ஏறத்தாழ 230 கிலோ. எஞ்சினின் வெற்றிடத்தால் இயங்கும் பூஸ்டர் இதை மேலும் பெருக்கிவிடும்.

பிஸ்டன் இருப்பது ஒரு பக்கத்தில் மட்டுமே. அப்படியானால் டிஸ்க்கின் மறுபக்கப் பேடை அழுத்துவது எது? இங்கே நியூட்டனின் மூன்றாம் விதி வேலை செய்கிறது. பிஸ்டன் உள்பேடை ஒரு திசையில் தள்ள, காலிப்பர் என்னும் கூடு எதிர்த்திசையில் நகர்ந்து வெளிப்பேடை இழுத்து அழுத்துகிறது. இதற்காகக் கூடு இரண்டு வழவழப்பான ஊசிகளின் மேல் வழுக்கும்படி அமைந்திருக்கிறது. கழற்றும்போது ஒரு பேட் மிகவும் தேய்ந்தும் மற்றது அவ்வளவாகத் தேயாமலும் இருந்தால் பேடைக் குறை சொல்லாதீர்கள். பெரும்பாலும் அந்த ஊசிகள்தாம் காய்ந்து சிக்கியிருக்கும்.

மிதியிலிருந்து காலை எடுத்ததும் பிஸ்டனைப் பின்னுக்கு இழுப்பது எது? உள்ளே சுருள்வில் எதுவும் இல்லை. பிஸ்டனைச் சுற்றி வெட்டுமுகம் சதுரமாயுள்ள ஒரு ரப்பர் வளையம் இருக்கிறது. பிஸ்டன் முன்னேறும்போது அது வளையத்தையும் கூடவே இழுத்துச் சற்றே கோணவைக்கிறது. அழுத்தம் நீங்கியதும் வளையம் நிமிர்ந்து, பிஸ்டனை மயிரிழை அளவுக்குப் பின்னுக்கு இழுத்துவிடுகிறது. பேட் தேய்ந்துவிட்டால் பிஸ்டன் வளையத்தின் பிடியை மீறி வழுக்கி, ஒரு படி முன்னால் சென்று அங்கே நிலைகொள்ளும். திரவக் கசிவைத் தடுக்கும் அதே வளையம், பிரேக்கைத் தானாகவே சரிசெய்துகொள்ளும் கருவியுமாகிவிடுகிறது. இவ்வளவு எளிய பொருளிடமிருந்து இவ்வளவு வேலை வாங்கிய பொறியாளரை எத்தனை பாராட்டினாலும் தகும்.

இதிலிருந்து ஒரு செய்தி கிடைக்கிறது. பேட் தேயத் தேயப் பிஸ்டனுக்குப் பின்னாலுள்ள இடம் பெரிதாகிறது. அதை நிரப்பத் திரவம் இறங்குவதால் மேலேயுள்ள தொட்டியில் மட்டம் குறைகிறது. இது கசிவு அன்று. ஆனால் யாரேனும் அவசரப்பட்டுத் தொட்டியை நிரப்பி வைத்திருந்தால், புதிய தடித்த பேடுகளுக்காகப் பிஸ்டனை உள்ளே அனுப்பும்போது திரவம் பொங்கி வழிந்து வண்டியின் வர்ணத்தை அரித்துவிடும்.

நம் ஊரில் இத்திரவத்தைப் பிரேக் ஆயில் என்கிறோம். பெயரைக் கேட்டு ஏமாந்து எண்ணெய் எதையும் ஊற்றிவிடாதீர்கள்! இது கிளைக்கால் வகையைச் சேர்ந்த திரவம். எஞ்சின் எண்ணெய் பட்டால் அந்த அருமையான ரப்பர் வளையம் ஊதிப் பயனற்றுப் போகும். கிளைக்கால் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. டாட் 4 என்னும் தரமுள்ள திரவம் புதிதாயிருக்கும்போது 230 டிகிரிக்குக் குறைந்து கொதிக்கக் கூடாது என்பது விதி. ஈரம் ஏறிய பின் அந்த எல்லை 155 டிகிரியாகத் தாழ்கிறது. திரவம் கொதித்து ஆவியானால், ஆவி அமுங்கும். மிதி காலடியில் தொய்ந்துவிடும். சென்னையைப் போன்ற ஈரக் காற்றுள்ள ஊரில் வாழ்பவர்கள், கையேடு சொல்லும் காலத்துக்குள் திரவத்தை மாற்றிவிடுவது நல்லது.

திருகா, மோட்டாரா, டிரம்மா?

இனி முக்கியமான இடத்துக்கு வருவோம். முன்சக்கரப் பிஸ்டனை ஒரு சி-கிளாம்ப் கொண்டு நேராக அழுத்தினால் உள்ளே போய்விடும். பின்சக்கரத்தில் அவ்வாறு செய்யலாகாது. ஏன்? பின்சக்கரத்தில் இருப்பது ஒரு பிரேக் அன்று, இரண்டு. ஓடும் காரை நிறுத்தும் கால் பிரேக்கும், நின்ற காரை நகராமல் பிடிக்கும் ஹேண்ட் பிரேக்கும் அங்கே ஒன்றாகக் குடியிருக்கின்றன. திரவ அழுத்தத்தை மணிக்கணக்கில் நம்பிக் காரை நிறுத்தி வைக்க முடியாது. ஆகவே ஹேண்ட் பிரேக்கிற்கு எந்திர முறையில் அமைந்த பிடி வேண்டும். அந்தப் பிடி மூன்று விதமாக அமைகிறது.

முதல் விதத்தில் பிஸ்டனுக்குள்ளேயே ஒரு திருகும் மரையும் இருக்கின்றன. ஹேண்ட் பிரேக்கின் கம்பி வடம் காலிப்பரின் பின்னாலுள்ள கையை இழுக்க, உள்ளிருக்கும் திருகு பிஸ்டனைத் தள்ளும். பேட் தேயும்போதெல்லாம் இந்த மரையும் திருகின்மேல் கொஞ்சம் கொஞ்சமாக முன்னேறிக்கொண்டே வருகிறது. இப்படிச் சுழன்று வெளியே வந்ததைச் சுழற்றித்தானே உள்ளே அனுப்ப வேண்டும்? அதற்காகவே பிஸ்டனின் முகத்தில் சிறு பள்ளங்கள் வெட்டப்பட்டிருக்கும். அவற்றில் பொருந்தும் முளைகளைக் கொண்ட கருவியால், அழுத்திக்கொண்டே சுற்ற வேண்டும். பெரும்பாலான கார்களில் வலஞ்சுழியாகச் சுற்றுவார்கள். சில கார்களில் ஒரு பக்கம் இடஞ்சுழியாக இருக்கும். கையேட்டைப் பார்க்காமல் சி-கிளாம்ப் போட்டு நெருக்கினால், பிஸ்டன் நகராது. உள்ளேயிருக்கும் திருகின் பற்கள் நசுங்கிப் போகும். காலிப்பரையே மாற்ற வேண்டி வரும்.

இரண்டாம் விதம் இப்போது பெருகி வருவது. வடத்துக்குப் பதிலாகக் காலிப்பரின் முதுகில் ஒரு சிறு மின்மோட்டார் உட்கார்ந்திருக்கும். ஓட்டுநர் ஒரு பொத்தானை இழுத்தால் மோட்டார் திருகைச் சுழற்றிப் பிஸ்டனை நெருக்கும். இதில் முதலில் காரைப் பராமரிப்பு நிலைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். அப்போது மோட்டாரே திருகைப் பின்னுக்கு இழுத்துக்கொள்ளும். சில கார்களில் மிதியையும் பொத்தானையும் குறிப்பிட்ட முறையில் அழுத்தினால் போதும். மற்றவற்றில் கணினியோடு பேசும் ஸ்கேனர் கருவி வேண்டும். வேலை நடக்கும்போது யாரேனும் காரில் ஏறிச் சாவியையோ பொத்தானையோ தொட்டால் மோட்டார் இயங்கக் கூடும். அந்தச் சமயத்தில் இடுக்கிற்குள் விரல் இருந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. சாவியைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் விதத்தில் டிஸ்க்கின் நடுப்பகுதி தொப்பியைப் போலக் குழிந்திருக்கும். அதனுள் ஹேண்ட் பிரேக்குக்கென்றே ஒரு குட்டி டிரம் பிரேக். இதில் பிஸ்டன் நேராக உள்ளே போகும். ஆனால் குட்டி டிரம்மின் ஷூக்களைத் தளர்த்தாமல் டிஸ்க்கைக் கழற்ற முடியாது. டிஸ்க் வரவில்லையே என்று சுத்தியலால் அடித்து ஷூக்களைப் பெயர்த்துவிடுபவர்கள் உண்டு.

சிறிய கார்கள் பலவற்றில் பின்னால் முழு டிரம் பிரேக்கே இருக்கிறது. அது தனிக் கதை. உங்கள் கார் எந்த விதம் என்பதைச் சக்கரத்தைக் கழற்றுவதற்கு முன்பே தெரிந்துகொள்ளுங்கள்.

வாசலில் வேலை

இது பள்ளி மாணவர் தனியே செய்யும் வேலை அன்று. பெரியவர் ஒருவர் செய்யும்போது கூட இருந்து பார்ப்பதும் உதவுவதும் வேறு. ஜாக் ஸ்டாண்டும் கையேடும் இல்லையென்றால், என் கருத்தில், தெருமுனை மெக்கானிக்கிடம் வண்டியை விட்டுவிடுவதே மேல்.

பின்பிரேக் வேலையின் முதல் ஆபத்து தொடக்கத்திலேயே இருக்கிறது. இந்த வேலைக்கு ஹேண்ட் பிரேக்கைத் தளர்த்தியாக வேண்டும். அதாவது காரை நிறுத்தி வைத்திருந்த பிடியையே நாம் எடுத்துவிடுகிறோம்! கியர் போட்டிருக்கிறதே என்று சொல்வீர்கள். முன்சக்கரங்களை எஞ்சின் ஓட்டும் காராயின் அது ஓரளவு பிடிக்கும். பின்சக்கரங்களை ஓட்டும் காராயின் கியரின் பிடி நீங்கள் தூக்கப்போகும் சக்கரங்களில்தான் இருக்கிறது. தரையிலுள்ள முன்சக்கரங்களைப் பிடிக்க எதுவுமில்லை. எனவே சமமான சிமெண்ட் தரையில் நிறுத்தி, இரண்டு முன்சக்கரங்களுக்கும் முன்னும் பின்னும் கனமான மரக்கட்டைகளை நெருக்கி வையுங்கள். செங்கல் வேண்டாம், பாரம் ஏறினால் பொடிந்துவிடும். மண் தரையில் ஜாக் புதைந்து சாயும்.

சக்கர நட்டுகளைக் கார் தரையில் நிற்கும்போதே, ஹேண்ட் பிரேக் போட்ட நிலையில், அரைச்சுற்று தளர்த்திவிட வேண்டும். பிறகே தூக்கி, கையேடு காட்டும் இடத்தில் ஸ்டாண்டை வைத்து, காரை அதன்மேல் இறக்கி, ஹேண்ட் பிரேக்கை விடுவிக்கலாம். ஜாக் என்பது தூக்குவதற்கு, தாங்குவதற்கு அன்று. கழற்றிய சக்கரத்தைக் காரின் பக்கவாட்டுச் சட்டத்தின் அடியில் படுக்க வைத்தால் இன்னொரு காவல்.

சக்கரத்தை எடுத்ததும் கரிய தூசி கண்ணில் படும். வாயால் ஊதுவதும் காற்றுக் குழாயால் அடிப்பதும் நம் பட்டறைகளில் வழக்கம். கெட்ட வழக்கம். இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் பிரேக் லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருந்தது; அதன் இழைகள் நுரையீரலில் தங்கிப் புற்றுநோயை உண்டாக்கும். இன்று நல்ல நிறுவனங்களின் பேடுகளில் அது இல்லை. ஆனால் கழற்றப்போகும் பேட் எங்கே செய்யப்பட்டது என்று யார் அறிவார்? ஈரத் துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டி எறிந்துவிடுங்கள்.

ஒரு பக்கத்தை முழுவதும் முடித்துவிட்டு மறுபக்கம் செல்வது நல்லது. கழற்றாத பக்கம் மாதிரியாக இருக்கும். ஆனால் பேடுகளும் டிஸ்க்குகளும் இரு பக்கமும் சேர்த்தே மாற்ற வேண்டியவை. இல்லாவிட்டால் பிரேக் போடும்போது கார் ஒரு பக்கம் இழுக்கும்.

காலிப்பரின் இரு போல்ட்டுகளை எடுத்ததும் கூட்டைத் தூக்கி, ஒரு கம்பியால் சுருள்வில்லில் கட்டித் தொங்கவிடுங்கள். ரப்பர்க் குழாயில் தொங்கவிட்டால் வெளியே தெரியாத விரிசல் உள்ளே விழும். பேடுகளை உருவி, அடைப்பைத் தாங்கும் சட்டத்தைக் கழற்றினால், டிஸ்க் வரும், அல்லது வராது. துரு அதை அச்சுக்குடத்தோடு பற்ற வைத்திருக்கும். பல டிஸ்க்குகளின் முகத்தில் மரையிட்ட இரண்டு சிறு துளைகள் இருப்பதைக் கவனியுங்கள். அவற்றில் பொருத்தமான போல்ட்டுகளைப் போட்டு மாறி மாறி முடுக்கினால், டிஸ்க் தானாகவே வெளியே தள்ளப்படும். 8 மி.மீ. போல்ட் ஒரு சுற்றுக்கு 1.25 மி.மீ. முன்னேறுகிறது, 15 செ.மீ. ஸ்பேனரின் நுனியோ அதற்குள் 94 செ.மீ. சுற்றி வருகிறது. கணக்கின்படி விசை 750 மடங்கு பெருகும். உராய்வு அதில் பெரும்பகுதியைத் தின்றாலும், மீதியே துருவை வெல்லப் போதும். சுத்தியல் எதற்கு?

புதிய டிஸ்க் உட்காரும் இடத்தைக் கம்பித் தூரிகையால் உலோகம் தெரியும்வரை தேய்ப்பதில் சோம்பல் கூடாது. அங்கே ஒரு துருத் துணுக்கு, காகிதத்தின் கனமே இருந்தாலும், டிஸ்க்கின் விளிம்பு தள்ளாடும். ஒரு மி.மீ.யில் இருபதில் ஒரு பங்கு தள்ளாட்டமே பல கார்களுக்கு எல்லை. அதைத் தாண்டினால் சில ஆயிரம் கிலோமீட்டரில் டிஸ்க்கின் தடிமன் சீர்கெட்டு, மிதி காலில் நடுங்கத் தொடங்கும். பலர் மட்டமான டிஸ்க் என்று கடைக்காரரைத் திட்டுவது இதற்காகத்தான்.

புதிய டிஸ்க்கின்மேல் துருத்தடுப்பு எண்ணெய் பூசியிருக்கும். அதைப் பிரேக் கிளீனரால் முற்றிலும் துடைக்க வேண்டும். மண்ணெண்ணெய் வேண்டாம், பிசுக்கு நிற்கும். வழுக்கும் ஊசிகளுக்கு ரப்பரைக் கெடுக்காத சிலிக்கான் கிரீஸ் கொஞ்சம். பேடின் முகத்தில் எதுவும் படக் கூடாது. பிஸ்டனை அதன் விதத்துக்கேற்ப உள்ளே அனுப்பி, பேடின் முதுகில் முளை இருந்தால் அது பிஸ்டனின் பள்ளத்தில் பொருந்தும்படி பள்ளத்தைத் திருப்பி நிறுத்தி, கழற்றிய வரிசையைத் தலைகீழாக்கிப் பூட்டுங்கள். போல்ட்டுகளைக் கையேட்டின் அளவுக்கு டார்க் ரெஞ்சால் முடுக்க வேண்டும். சக்கர நட்டுகளுக்கு 100 நியூட்டன் மீட்டர் அளவில் சொல்லியிருக்கலாம். அது 25 செ.மீ. கைப்பிடியின் நுனியில் 40 கிலோ எடையைத் தொங்கவிடுவதற்குச் சமம். ஸ்பேனரின்மேல் ஏறி நின்று மிதிப்பவர் இதைப்போல் இருமடங்குக்கு மேல் கொடுக்கிறார்.

முதல் மிதி

எல்லாம் பூட்டியாயிற்று. ஸ்டாண்டை எடுப்பதற்கு முன்பே, எஞ்சினை இயக்காமல் மிதியை அழுத்துங்கள். அது தடையின்றித் தரைவரை போகும்! அஞ்ச வேண்டாம், கணக்கிட்டுப் பாருங்கள். உள்ளே அனுப்பிய பிஸ்டனுக்கும் பேடுக்கும் இடையே 5 மி.மீ. இடைவெளி இருப்பதாகக் கொண்டால், 9 சதுர செ.மீ. பரப்புள்ள பிஸ்டன் அதைக் கடக்க 4.5 கன செ.மீ. திரவம் வேண்டும். இரு பக்கத்துக்கும் 9 கன செ.மீ. மாஸ்டர் சிலிண்டரோ ஒரு முழு மிதிக்கு 3 செ.மீ. நகர்ந்து, அவ்வளவு திரவத்தையே தருகிறது. அதாவது முதல் மிதி முழுவதும் இடைவெளியை நிரப்புவதிலேயே செலவாகிறது; அழுத்த எதுவும் மிஞ்சுவதில்லை. வேலை முடிந்த மகிழ்ச்சியில் காரைப் பின்னுக்கு எடுத்து, பிரேக்கை மிதித்து, வாயில் தூணில் மோதுபவர்கள் இந்த 9 கன செ.மீ.யைத்தான் மறந்தவர்கள்.

மெதுவாக, நாலைந்து முறை, மிதி கல்லைப் போல் நிற்கும்வரை மிதியுங்கள். அதன் பிறகே ஹேண்ட் பிரேக்கைப் பலமுறை இழுத்து விட வேண்டும். உள்ளிருக்கும் மரை புதிய இடத்துக்கு வந்து சேரும். மின்மோட்டார் இருந்தால் பராமரிப்பு நிலையிலிருந்து காரை வெளியே கொண்டுவருவதும் இப்போதுதான். இழுத்தால் சக்கரம் நிற்க வேண்டும். விட்டால் கையால் சுற்றும்போது மெல்லிய உரசலோடு சுழல வேண்டும். திரவ மட்டத்தைப் பாருங்கள். மிதி எத்தனை முறை மிதித்தும் மெத்தென்றே இருந்தால் கார் வாசலை விட்டு நகரக் கூடாது. குழாயில் காற்று புகுந்திருக்கிறது.

புதிய பேடுகள் முதல் நாளே முழுப் பிடி தருவதில்லை. பேடிலிருந்து ஒரு மெல்லிய படலம் டிஸ்க்கின்மேல் சீராகப் பரவ வேண்டும். பேட் செய்தவரின் குறிப்பு இருந்தால் அதன்படியும், இல்லாவிட்டால் மணிக்கு 50 கிலோமீட்டரிலிருந்து 10 கிலோமீட்டர்வரை நிதானமாக எட்டுப் பத்து முறை வேகம் குறைத்தும் இதைச் செய்வார்கள். இடையிடையே அரைக் கிலோமீட்டர் ஓட்டி ஆறவிட வேண்டும். முழுவதும் நிறுத்திச் சூடான டிஸ்க்கின்மேல் பேடை அழுத்திப் பிடித்திருந்தால் படலம் அந்த இடத்தில் மட்டும் தடித்துவிடும். நெரிசல் மிகுந்த திருவள்ளூர் நெடுஞ்சாலை இதற்கு ஏற்றதன்று. நெமிலிச்சேரி வழியாகச் செல்லும் வெளிவட்டச் சாலையின் பக்கச் சாலைகள், விடியற்காலையில், பின்னால் எவரும் வராதபோது, வசதியாக இருக்கும். பின்பிரேக்குக்கு வேலை குறைவாதலால் அது படிய இருநூறு முந்நூறு கிலோமீட்டர் ஆகலாம். அதற்குள் ஒரு முறை சக்கர நட்டுகளைச் சரிபார்த்துவிடுங்கள்.

பழைய டிஸ்க்குகளைக் காயலான் கடைக்கு அனுப்புவதற்கு முன், வீட்டிலுள்ள மாணவர்கள் ஒரு சோதனை செய்யலாம். 26 செ.மீ. விட்டமுள்ள டிஸ்க்கில் பேட் உரசும் பட்டை 4 செ.மீ. அகலம் என்றால் அதன் பரப்பு ஏறத்தாழ 276 சதுர செ.மீ. இரு முகங்களிலும் சேர்த்து 2 மி.மீ. தேய்ந்திருந்தால், காணாமற்போன வார்ப்பிரும்பின் கன அளவு 55 கன செ.மீ.; எடை ஏறத்தாழ 400 கிராம். பழையதையும் புதியதையும் தராசில் நிறுத்து இக்கணக்கைச் சரிபாருங்கள். துரு கொஞ்சம் குழப்பும். இரு சக்கரங்களிலுமாக 800 கிராம் இரும்பு ஒரு லட்சம் கிலோமீட்டரில் தேய்ந்ததென்றால், கிலோமீட்டருக்கு 8 மில்லிகிராம். அதில் கொஞ்சம் சக்கரத்தில் ஒட்டியது, கொஞ்சம் சாலையில் விழுந்தது, மிக நுண்ணிய பகுதி காற்றில் கலந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2024-இல் ஏற்றுக்கொண்ட யூரோ 7 விதிகள், புகைக்குழாயோடு நில்லாமல் பிரேக்கிலிருந்து காற்றில் கலக்கும் நுண்தூசிக்கும் முதன்முதலாக வரம்பு விதித்தன. சாதாரணக் கார்களுக்கு அது கிலோமீட்டருக்கு 7 மில்லிகிராம். மின்கலத்தால் மட்டுமே ஓடும் கார்களுக்கு 3.